குவாய் பாலத்துக் கர்னல் நிஜத்தில் யார்?

கேள்வி இதுதான்: ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் ஜப்பானியருக்கு வரிந்துகட்டிக்கொண்டு பாலம் கட்டிக் கொடுக்கும் பிரிட்டிஷ் கர்னல் நிஜமாகவே இருந்தவரா? இருந்தார் என்றால், எதிரிக்கு வேலை செய்த மனுஷனை அவருடைய ஆட்களே கடைசிவரை ஏன் கொண்டாடினார்கள்?

முதல் பாதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். படத்தில் வரும் கர்னல் நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். 1952 இல் மூல நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். பாலம் கட்டிய முகாமில் அவர் இருந்ததே இல்லை. தனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதிகாரிகள் சிலரை மனதில் வைத்து எழுதினார். 1957 இல் வந்த படத்தின் அந்தப் பாலக் காட்சிகளும் தாய்லாந்தில் எடுத்தவை அல்ல, இலங்கையில் கித்துல்கலப் பக்கம் களனி ஆற்றில் எடுத்தவை. ஆனால் நிஜப் பாலம் எழுந்த தா மக்காம் முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக ஒரு லெப்டினன்ட் கர்னல் இருந்தது உண்மை. அவர் பெயர் பிலிப் டூசி. படம் வந்த பிறகு ஊர் உலகம் இவர்தான் அவர் என்று முடிவு கட்டிவிட்டது. அவரோடு முகாமில் இருந்தவர்களுக்கு அதில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் பாதிக்குத்தான் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

டூசி பட்டாளத்தையே பிழைப்பாகக் கொண்டவர் அல்ல. 1904 இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். மாமா வைத்திருந்த பருத்தி வியாபாரத்தில் தொழில் பழகி, பிறகு பேரிங்ஸ் வங்கியின் லிவர்பூல் கிளைக்குப் போனவர். 1927 இல் டெரிட்டோரியல் ஆர்மியில், அதாவது வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போகும் பகுதிநேரப் படையில், பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார். அவர் கதையில் இந்த வங்கிப் பின்னணியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பேரம் பேசவும், கணக்கு வைக்கவும், கையில் ஒன்றுமில்லாதபோதும் எதிராளிக்கு எது லாபம் என்று கண்டுபிடித்து அதைக் காட்டியே காரியம் சாதிக்கவும் தெரிந்தவர். பின்னால் சிறைமுகாமில் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

போர் வந்ததும் பிரான்சுக்குப் போய், 1940 இல் டன்கர்க் கரையிலிருந்து தப்பி வந்தார். அடுத்து 135 ஆவது ஃபீல்டு ரெஜிமென்ட் என்ற பீரங்கிப் படைக்குத் தலைவரானார். அந்தப் படை சிங்கப்பூரில் இறங்கியது 1942 ஜனவரியில், அதாவது மலாயா ஏறக்குறைய கைவிட்டுப் போன பிறகு. தீவைக் காக்க நடந்த சண்டையில் காட்டிய துணிச்சலுக்கு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் டி.எஸ்.ஓ. என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. பிப்ரவரி 12 ஆம் தேதி, பின்னால் தேவைப்படுவார் என்று பொறுக்கிய அதிகாரிகளோடு கப்பலேறும்படி மேலிடம் உத்தரவிட்டது. அவர் மறுத்தார். தன் ஆட்களை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதுதான் காரணம். மூன்று நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. அன்று கப்பலேறியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் உத்தரவே அதுதான்.

அந்த ஆண்டு ஜப்பான் ராணுவம் சயாமையும், அதாவது தாய்லாந்தையும், பர்மாவையும் இணைத்து ஒரு ரயில்பாதை போட முடிவு செய்தது. தாய்லாந்துப் பக்கம் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாப் பக்கம் தன்பியுசாயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு மேல் மலையும் காடும். கடல் வழியாகப் பர்மாவுக்குச் சாமான் அனுப்புவது நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டதால், எப்படியும் ரயில் வேண்டும் என்ற அவசரம். சுமார் 60,000 போர்க்கைதிகளை இதற்கு இறக்கினார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். போர்க்கைதிகள் பற்றிய 1929 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டிருந்ததே தவிர, அதை அங்கீகரித்துச் சட்டமாக்கியிருக்கவில்லை. ஆகவே சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி வாதாடுவதில் பலனில்லை. படத்துக் கர்னல் செய்வது அதைத்தான்.

1942 அக்டோபரில் டூசி தன் ஆட்களோடு காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தா மக்காம் வந்து சேர்ந்தார். அங்கே மே குளோங் ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள் கட்ட வேண்டும். முதலில் தற்காலிக மரப்பாலம், அதற்குச் சற்றுத் தள்ளி கான்கிரீட் தூண்களின் மேல் இரும்புப்பாலம். ஆற்றின் பெயரே குவாய் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்டதில், தாய்லாந்துக்காரர்கள் 1960 இல் அந்தப் பகுதி ஆற்றுக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

அங்கே போனதும் டூசி முன்னால் இருந்த கணக்கு இது. வேலை செய்ய முடியாது என்றால் அடி, பட்டினி, கடைசியில் சாவு. அப்புறமும் வேலை நடக்கும். தப்பி ஓடலாம் என்றால் நூற்றுக்கணக்கான மைல் காடு, வெள்ளைத்தோல், மொழி தெரியாத ஊர். ஆகவே வேலை நடந்தே தீரும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த வேலையில் எத்தனை பேரைச் சாகாமல் வைத்திருக்கலாம் என்பதில் அவர் இறங்கினார். ஜப்பானியரிடம் அவர் வைத்த வாதம் எப்போதும் ஒன்றுதான். என் ஆள் சாப்பிட்டால்தான் தூண் ஏறும். காய்ச்சல்காரனை ஓய்வில் விட்டால் நாலு நாளில் திரும்ப வருவான், இன்று இழுத்துக்கொண்டு போனால் ஒரேயடியாகப் போய்விடுவான். கருணையைக் கேட்காமல் பாலத்தின் கெடுவைச் சொல்லியே சலுகை வாங்கினார். சிப்பாய் ஒருவனைக் காவல்காரன் அடித்தால் உடனே போய்ப் புகார் சொல்வார். சொன்னதற்காகவே அவருக்கும் அடி விழும். மறுநாள் இன்னொருவன் அடிபட்டால் திரும்பவும் போவார். தன் அதிகாரிகளுக்கும் அதே உத்தரவு: அடி விழும் இடத்தில் குறுக்கே போய் நில்.

முகாமுக்குள் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டுக்கூடமும் தனித் தங்குமிடமும் கிடையாது என்றது. பிரிட்டிஷ் ராணுவத்தில் இது சின்ன விஷயமில்லை. மற்ற சில முகாம்களில் அதிகாரிகள் ஒதுங்கி இருந்துகொண்டு, கிடைத்த சம்பளத்தில் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள் என்ற கசப்பு சிப்பாய்களிடம் பல வருஷம் இருந்தது. ஜப்பானியர் அதிகாரிகளுக்குக் கொஞ்சம் சம்பளம் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் சிப்பாய்க்குச் சில்லறைக் காசு கொடுத்தார்கள். படுத்தவனுக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டு அளவும் குறையும். தா மக்காமில் அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். தீட்டிய அரிசிச் சோற்றையே தின்றுகொண்டிருந்தால் வைட்டமின் பி1 இல்லாமல் பெரிபெரி வரும். கால் வீங்கும், பிறகு இதயம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு முட்டை பல பேரைப் பிழைக்க வைத்தது என்று அங்கிருந்த மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்றது துப்புரவு. கக்கூஸ் குழி ஆழமாக வெட்டு, மூடி போடு, ஈ மொய்க்க விடாதே. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காதே. சாப்பாட்டுத் தகரத்தைக் கொதிநீரில் முக்கிவிட்டு அப்புறம் வரிசையில் நில். முடிந்தவரை சவரம் செய், கட்டியிருப்பது கோவணம் என்றாலும் அணிவகுப்பில் ஒழுங்காக நில். கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கும். ஆனால் வயிற்றுக்கடுப்பும் காலராவும் சுற்றும் இடத்தில் இரண்டாயிரம் பேர் ஒரே ஆற்றங்கரையில் இருக்கும்போது, ஒருவன் சோம்பலாக இருந்தால் நூறு பேர் போவார்கள். பாலம் கட்டிய மாதங்களில் தா மக்காமில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு முழுப் பெருமையும் டூசிக்கே போய்விடக் கூடாது. தா மக்காம் சமவெளியில் இருந்தது, பக்கத்திலேயே காஞ்சனபுரிச் சந்தை. பாலம் முடிந்த பிறகுதான் 1943 மழையும் காலராவும் மலைப்பக்கம் வந்து சேர்ந்தன. மலைமுகாமில் இருந்திருந்தால் அவராலும் இவ்வளவு முடிந்திருக்காது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கிளம்பிய ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற 7,000 பேர் கொண்ட குழு தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் இரவிரவாக நடத்திக்கொண்டு போகப்பட்டது. அதில் 3,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. அங்கேயும் நல்ல அதிகாரிகள் இருந்தார்கள், கெட்டிக்கார மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் அரிசியும் மருந்தும் போய்ச் சேரவில்லை.

தா மக்காமுக்கு மருந்து சேர்ந்ததற்குக் காரணமே ஒரு தாய்லாந்துக் கடைக்காரர். பூன்போங் சிரிவேஜபந்து என்பவர், காஞ்சனபுரியில் பாக் பிரேக் தெருவில் கடை வைத்திருந்தார். ஜப்பானியரிடம் முகாம்களுக்குக் காய்கறி, முட்டை சப்ளை செய்யும் ஒப்பந்தம் எடுத்திருந்தார். அந்தச் சாக்கில் காய்கறிக் கூடைக்குள் மருந்து, பணம், ரகசிய ரேடியோவுக்கு பாட்டரி என்று படகில் ஆற்றோடு மேலே கொண்டுபோனார். பாங்காக்கில் மறைவாக இயங்கிய ஒரு குழு பணம் திரட்டிக் கொடுத்தது. பிடிபட்டிருந்தால் கெம்பெய்த்தாய் எனப்படும் ராணுவப் போலீஸ் அவரையும் குடும்பத்தையும் என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மொத்தக் கதையில் வீரன் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வேன். போருக்குப் பிறகு அவர் தொழில் நொடித்தபோது பழைய கைதிகள் பணம் திரட்டி உதவினார்கள். டூசியும் அதில் முன்நின்றார்.

சரி, பாலத்தைக் கெடுக்கவே முயலவில்லையா? முயன்றார்கள். கறையான்களைப் பிடித்துக்கொண்டு வந்து மரத்தூண்களில் விட்டார்கள். கான்கிரீட் கலவையைச் சரியில்லாமல் கலந்தார்கள். டூசிக்கு இதெல்லாம் தெரியும், ஆளுக்கு ஆபத்து வராத அளவுக்கு அனுமதித்தார். ஆனால் இந்தக் கறையான் கதையைச் சிலர் ஊதிப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். மரப்பாலம் 1943 பிப்ரவரியில் முடிந்தது, அடுத்த சில மாதங்களிலேயே இரும்புப்பாலமும் முடிந்தது, இரண்டின் மேலும் ரயில் ஓடியது. கடைசியில் உடைத்தது 1945 இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டு. ஜாவாவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த வில் வளைவு இரும்புச் சட்டங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. நடுவில் மட்டும் இரண்டு சட்டங்கள் நேர்கோடாக, கட்டையாக இருக்கும். குண்டு விழுந்த இடம் அது, போருக்குப் பிறகு மாற்றியது. படம் காட்டுவதுபோல ஜப்பானிய எஞ்சினியர்கள் பாலம் கட்டத் தெரியாதவர்கள் என்பதும் பொய். வரைபடம், கணக்கு எல்லாம் அவர்களுடையது. அவர்களிடம் இல்லாமல் போனது இயந்திரமும் மனித உயிரின் மேல் மதிப்பும்தான்.

தப்பிக்கும் முயற்சி ஒன்றுக்கும் டூசி உடந்தையாக இருந்தார். இரண்டு அதிகாரிகளுக்கு ஒரு மாத உணவு கொடுத்து அனுப்பி, இரண்டு நாள் வரை எண்ணிக்கையில் குறைவு தெரியாமல் மறைத்தார். ஒரு மாதத்தில் அவர்கள் பிடிபட்டார்கள், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். மறைத்ததற்கு டூசிக்குத் தண்டனை. முதலிலேயே தடுத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தப்ப முயல்வது அதிகாரியின் கடமை என்றுதான் அன்றைய ராணுவப் பாடம். தலைவனாக இருப்பவன் அதைத் தடுத்தாலும் பழி, விட்டாலும் பழி.

பாலம் முடிந்ததும் திடமாக இருந்தவர்களை எல்லாம் மலைப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ஆட்கள். தா மக்காம் மருத்துவ முகாமாக மாறியது. மேலேயிருந்து வரும் ரயிலில், திறந்த வண்டிகளில், எலும்பும் தோலுமாகச் சாமான்போல ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெப்பமண்டலப் புண் என்ற ஒன்று. மூங்கில் கீறிய இடம் அழுகி முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எலும்பு தெரியும். மருந்து இல்லாததால் கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுத்தார்கள், மயக்க மருந்து கிடையாது. அப்படியும் முடியாவிட்டால் காலை எடுத்தார்கள். பாலத்தைவிட இந்த மாதங்கள்தான் டூசிக்குக் கடினமானவை என்று நினைக்கிறேன். இதைப் பற்றிப் படத்தில் ஒரு காட்சிகூடக் கிடையாது.

படத்தில் இல்லாத இன்னொன்று நம் ஆட்கள். போர்க்கைதிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆசியத் தொழிலாளர்கள் இந்தப் பாதையில் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர்; மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லியும், வராதவர்களைப் பிடித்தும் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதே அரிசி, அதே மழை, அதே காவல்காரன். ஆனால் அவர்கள் தரப்பில் ஜப்பானியர் முன் போய் நின்று பேச ஓர் அதிகாரி இல்லை, மருத்துவப் பிரிவு இல்லை, ராணுவத்தில் பழகிய கக்கூஸ் குழிப் பாடம் இல்லை. தோட்டத்தில் கங்காணியும், கிராணி என்ற தோட்டக் கணக்கரும் சொன்னதைச் செய்து பழகியவர்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். காலரா வந்தபோது லயம் லயமாகப் போனார்கள். 1943 நடுவில் நிலைமை கைமீறியதும் போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் பிரித்து ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’ என்று தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அது போதவில்லை, தாமதமும்கூட. டூசி செய்த காரியத்தின் அளவு தெரிய வேண்டுமென்றால் அவருடைய முகாமை இந்த முகாம்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். இறந்த போர்க்கைதிகளில் சுமார் 7,000 பேருக்குக் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த இடம் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பட்டியலை முகாமிலேயே எழுதி ஒளித்து வைத்தவர்கள் அதிகாரிகள். சயாமுக்குப் போன தமிழருக்கு அப்படிப் பட்டியல் வைக்க ஆள் இல்லை.

1943 டிசம்பரில் டூசியை நோங் பிளாடுக் முகாமுக்கு மாற்றினார்கள். ரயில் சைடிங்கை ஒட்டியே இருந்த முகாம் அது. 1944 செப்டம்பரில் ஓர் இரவு சொந்தப் பக்கத்து விமானங்களே போட்ட குண்டில் நூறை நெருங்கும் கைதிகள் செத்தார்கள். 1945 தொடக்கத்தில் ஜப்பானியர் அதிகாரிகளை எல்லாம் சிப்பாய்களிடமிருந்து பிரித்துக் காஞ்சனபுரியில் தனி முகாமில் போட்டார்கள். தலை இல்லாமல் போனால் உடல் அடங்கும் என்ற கணக்கு. ஆனால் சிப்பாய் முகாம்களில் வாரன்ட் ஆபீசர்களும் சார்ஜன்ட்களும் பொறுப்பேற்று அதே முறையில் நடத்திக்கொண்டு போனார்கள். அதிகாரிகள் முகாமில் டூசி ஜப்பானியரோடு பேசும் பிரதிநிதி. அங்கே நொகுச்சி என்ற கேப்டன், டிரவர் என்ற மொழிபெயர்ப்பாளரை மண்ணுக்குள் தோண்டிய குழியில் எழுபது நாளுக்கு மேல் அடைத்து வைத்தான். டிரவர் எப்படியோ உயிரோடு வந்தார். நொகுச்சியைப் போருக்குப் பிறகு தூக்கிலிட்டார்கள்.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் விமானம் ஏறி ஊர் போகலாம் என்றபோது டூசி போகவில்லை. காட்டுக்குள் சுமார் 300 மைல் பயணம் செய்து சிதறிக் கிடந்த தன் ரெஜிமென்ட் ஆட்களைத் தேடிப் போனார்.

படத்தில் சைட்டோ என்று ஒரு கொடூரமான முகாம் தலைவன் வருவான். நிஜ சைட்டோ தா மக்காமில் இரண்டாம் நிலையில் இருந்த சார்ஜன்ட் மேஜர். கண்டிப்பானவர், ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயஸ்தர் என்பது டூசியின் கருத்து. போர்க்குற்ற விசாரணைக் காலத்தில் அவருக்காகப் பேசினார். பின்னாளில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. டூசி இறந்த பிறகு, 1984 இல், சைட்டோ ஜப்பானிலிருந்து வந்து அவர் கல்லறைக்குப் போனார். எல்லோரையும் மன்னித்த மகான் என்று இதை வைத்துப் படம் காட்ட வேண்டாம். தண்டனைக்குரியவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாகத்தான் இருந்தார். ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தார், அவ்வளவே.

ஊர் திரும்பி மறுபடி பேரிங்ஸ் வங்கிக்கே போனார். தூர கிழக்குப் போர்க்கைதிகள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்புக்கு 1966 முதல் தலைவர். காட்டிலிருந்து கொண்டுவந்த குடல்புழு, நரம்புக்கோளாறு எல்லாம் இருபது முப்பது வருஷம் கழித்தும் அவர்களை விடவில்லை. உள்ளூர் டாக்டர்களுக்கு அது பிடிபடவில்லை. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அவர்களைப் பரிசோதிக்கவும், அந்த அறிக்கையை வைத்து ஓய்வூதியம் கேட்கவும் அவர் அலைந்தார். 1974 இல் சர் பட்டம். 1975 டிசம்பர் 22 இல் இறந்தார்.

படத்தைப் பற்றி அவரே முன்வந்து சண்டை போடவில்லை. கூட இருந்தவர்கள் விடாமல் நச்சரித்ததால் பேராசிரியர் பீட்டர் டேவிஸிடம் மணிக்கணக்கில் பேசி ஒலிநாடாவில் பதிய ஒப்புக்கொண்டார். நான் செத்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. டேவிஸ் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது 1991 இல். அதற்குள் படம் வந்து முப்பத்துநாலு வருஷம் ஓடிவிட்டது, ஏழு ஆஸ்கர் வாங்கிய கதையே வரலாறாகவும் நிலைத்துவிட்டது.